வாட்டம்

நாற்பது பக்க நோட்டில் புனிதவதி
குளியலறையை மூன்று முறை வரைந்திருந்தாள்.
ஐந்தரைக்கு ஏழு. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.
கண்ணாடி அவள் உயரத்துக்கு, என் உயரத்துக்கு அல்ல.
கீசருக்கு ஒரு பாயின்ட், காற்றாடிக்கு ஒன்று.
செலவு எண்பத்தைந்தாயிரம் என்று எழுதி
அடிக்கோடிட்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

டைல்ஸ் எடுக்கப் பாண்டிக்குப் போனோம்.
வரி ஒன்றான பிறகு
இரண்டு ஊரிலும் விலை ஒன்றுதான், தெரியும்.
ஆனாலும் கடலூர்க்காரன் கால்
பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினால்தான்
மலிவு என்று நம்பும்.
மூன்றாவது கடையில் அவள் சாம்பல் நிறத்தைத் தொட்டாள்,
நான் நீலத்தை.
திரும்பும் பேருந்தில் ரெட்டிச்சாவடி வரை பேச்சில்லை.
அவள் மடியில் மாதிரி ஓடு. சாம்பல்.

கொளஞ்சி மேஸ்திரி திங்கட்கிழமை வந்தார்
சம்மட்டியோடும் மருமகனோடும்.
ஓட்டைப் பெயர்த்தால் கீழே இன்னொரு ஓடு,
பச்சைப் பூப்போட்டது.
அதற்கும் கீழே சிவப்பு ஆக்சைடு.
எங்களுக்கு முன் இங்கே இருந்தவர்களும்
சண்டை போட்டுத்தான் நிறம் எடுத்திருப்பார்கள்.
உப்புத் தண்ணீர் தின்ற இரும்புக் குழாய்
பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது.
எண்பத்தைந்தாயிரம் அன்றைக்கே செத்தது.

சாயங்காலம்தான் உறைத்தது,
நோட்டில் எல்லாம் இருந்தது,
அதுவரை எங்கே குளிப்பது என்பதைத் தவிர.

பக்கத்து வீடு ரெஜினா டீச்சருடையது.
இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.
உங்க தண்ணி எங்க சுவத்துல இறங்குது என்றார் ஒருநாள்.
"எங்க தண்ணி இல்ல டீச்சர், மழைத் தண்ணி."
சொன்னது நான்.
புனிதவதி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள்தான் போனாள்,
வாளி, துண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம்.
என்ன பேசினார்களோ.
வந்து சொன்னது இவ்வளவுதான்:
"நான் ஆறு மணிக்கு முன்னாடி, நீங்க ஏழுக்கு மேல.
ஹீட்டர் போடக் கூடாது."

பதினேழு நாள் அங்கே குளித்தேன்.
நீல நிற டைல்ஸ், நான் கேட்ட அதே நீலம்.
ஊற்றிய தண்ணீர் ஒரே ஓட்டமாய் மூலைக்குப் போய்விடும்.
சுவரின் அந்தப் பக்கம் கொளஞ்சியின் சுத்தியல்.
இந்தப் பக்கம், டைல்ஸ் முடியும் இடத்தில்,
என் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது.
விரல் வைத்தேன், மாவாய் உதிர்ந்தது.
மழை அந்த உயரத்தில் பெய்யாது.

தரை போடும் அன்று கொளஞ்சி கேட்டார்:
"சார், வாட்டம் எந்தப் பக்கம்?
பழசு டீச்சர் சுவத்தைப் பார்த்துல்ல இருக்கு."
அந்தச் சொல்லை நான்
முகத்துக்குச் சொல்லியிருக்கிறேன்,
சித்திரை வெயிலில் நின்ற செடிக்கும்.
தரைக்கும் உண்டாம், அடிக்குக் கால் அங்குலம்.
அது இல்லாவிட்டால் தண்ணீர்
போக இடம் தெரியாமல் நிற்குமாம்.

"தெருப்பக்கம் திருப்புங்க."
"பதினோரு அடி பைப்பு கூடப் பிடிக்கும்.
வாசப்படியை உடைக்கணும். ஆறாயிரம்."
"உடைங்க."
புனிதவதி என்னை ஒருமுறை பார்த்தாள்.
நோட்டில் ஆறாயிரம் என்று எழுதினாள்,
கேள்விக்குறி இல்லாமல்.

சிமென்ட் காய்ந்ததும் மருமகன்
ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினான்.
அது கொஞ்சம் யோசித்தது.
பிறகு தெருவைப் பார்த்துக் கிளம்பியது.

டீச்சரிடம் இன்னும் நான்
மழையைப் பற்றிப் பேசவில்லை.
அரை மூட்டை சிமென்ட் மீந்திருக்கிறது.
அந்தப் பக்கத்தையும் பூசிவிடட்டுமா என்று கேட்க
ஒரு வாக்கியம் தேடிக்கொண்டு
புதுத் தரையில் ஈரக்காலோடு நிற்கிறேன்.
கண்ணாடியில்
கழுத்துக்குக் கீழேதான் தெரிகிறேன்.