ஒன்பதாவது ஆள்

முதல் ஐந்து இன்னிங்ஸ் வரை
எங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.
இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்,
பிற்பாடு யாரும் நம்பப்போவதில்லை.

அக்டோபர். அயோவா.
அறுத்து முடித்த சோளக்காடுகளுக்கு நடுவே
மூன்று மணி நேரம் பேருந்தில் போய்
பெரிய பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் இறங்கினோம்.
அவர்கள் டிவிஷன் ஒன்று.
நாங்கள் மூன்று.
நடுவில் இருக்கும் இரண்டைப் பற்றி
யாரும் மூச்சு விடவில்லை.

குனிந்து அவர்கள் புல்லைத் தொட்டுப் பார்த்தேன்.
ஈரத் தலையில் சீப்பு போட்டதுபோல்
ஒரே வாக்கில் படிந்திருந்தது.
எங்கள் மைதானத்தில்
மூன்றாவது பேஸுக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு.
எதிரணிக்கு அதைச் சொல்ல மாட்டோம்.

எங்கள் பிட்ச்சர் ஆரின் ட்வேட்.
வேதியியல் படிக்கிறான்.
பந்து வீசுவதற்காக ஒரு டாலர்கூட
அவனுக்கு யாரும் தருவதில்லை.
அன்றைக்கு அவன் கையிலிருந்து வந்த வளைபந்து
மேசை விளிம்பில் உருண்ட கோலிபோல
கடைசி நொடியில் காணாமல் போனது.
கேட்சர் நான்.
முகமூடிக் கம்பிகளுக்குள்ளிருந்து பார்த்தேன்:
அவர்களுடைய நான்காவது பேட்டர் லெடூ,
வருகிற கோடையில்
லட்சங்களுக்குக் கையெழுத்துப் போடுவான் என்று பேச்சு,
காற்றை ஓங்கி அடித்துவிட்டு
"இவனை எங்கே ஒளித்துவைத்திருந்தீர்கள்?" என்றான்.
"லேபில்" என்றேன்.

ஐந்து இன்னிங்ஸ். ஒன்றுக்கு ஒன்று.

ஆறாவதில் ஆரின் தோளைத் தேய்த்தான்.
அவ்வளவுதான் கதை.

அடுத்து எங்கள் எம்மெட் ஸ்ப்ரேக்.
தங்கமான பையன்.
விடிகாலையில் அப்பாவின் பன்றிப் பண்ணையில்
வேலையை முடித்துவிட்டுப் பேருந்து ஏறியவன்.
ரேடார் எழுபத்தொன்பது என்றது.
அவர்களுடைய அடுத்த ஆள் தொண்ணூற்று மூன்று.
அதற்கு அடுத்தவன் தொண்ணூற்று நான்கு.
அதற்கும் அடுத்து,
மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த முதலாண்டுப் பையன்
தொண்ணூற்று இரண்டு வீசிவிட்டு
தப்புச் செய்தவன்போலத் தலை குனிந்தான்.

எங்களிடம் ஒரு குன்று இருந்தது.
அவர்கள் ஊரே மேட்டில் இருந்தது.

சாதாரணமான ஒரு தரைப்பந்து உருண்டால்
எங்கள் டக்அவுட் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.
அவர்கள் பக்கம் உருண்டபோது
யாரோ சூரியகாந்தி விதை கொறிக்கிற சத்தம்
நிற்கவே இல்லை.

பதினான்குக்கு ஒன்று.

எல்லோரும் கலைந்த பிறகு
பந்துகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தான்
அவர்களுடைய மூன்றாவது கேட்சர்.
சட்டையில் ஒரு துளி மண் இல்லை.
ஹராமியோ என்று முதுகில் எழுதியிருந்தது.
"நீ எத்தனை இன்னிங்ஸ் பிடிப்பாய்?" என்று கேட்டான்.
"எல்லாம்தான். வேறு ஆள் இல்லை."
கையிலிருந்த பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
இரண்டு வருடமாக
வேலிக்கு அந்தப் பக்கம்
உடம்பைச் சூடேற்றுகிறவர்களுக்கு மட்டும் பிடிக்கிறானாம்.
தொண்ணூற்று நான்கு மைலில் வருவதை
கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பானாம்.
பெருமையாகத்தான் சொன்னான்.
அவனைவிட நான் மட்டம்.
அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.
ஆனாலும் என் முழங்காலில் அப்பியிருந்த சிவப்பு மண்ணை
அவன் பார்த்த பார்வையை
யாரிடமும் சொல்லவில்லை, இதுவரை.

திரும்பும் வழியில்
வலது தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு
ஆரின் இடது கையால் ஆய்வக அறிக்கை எழுதினான்.
எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது.
என் கட்டைவிரல் வீங்கி, மடங்க மறுத்தது.
பின் இருக்கையில் எம்மெட் வீட்டுக்கு போன் போட்டான்.
ஸ்கோரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.
போன வாரம் ஈன்ற குட்டிகளில்
ஒன்பதாவது, அந்தப் பூஞ்சைக் குட்டி,
இன்றைக்காவது முட்டி மோதிப் பால் குடித்ததா
என்று மட்டும் கேட்டான்.
அந்த முனையிலிருந்து என்ன பதில் வந்ததோ,
பேருந்து இரைச்சலில்
எனக்குக் கேட்கவில்லை.