பத்து மதிப்பெண் வினா

"1863ஆம் ஆண்டின் முக்கியத்துவத்தை விளக்குக."
விளக்கியிருக்கிறார்கள், நாற்பத்திரண்டு பேர்.
மார்கழிக் குளிரில் பள்ளத்தூர் வீட்டு வளவில்
என் மடியில் கட்டாகக் கிடக்கிறார்கள்.

ஒருவன் லிங்கனை மரவீட்டில் பிறக்கவைத்து
அதே வரியில் சுட்டுவிட்டான்.
நடுவில் ஐம்பத்தாறு வருடம்,
ஒரு காற்புள்ளிகூட இல்லை.
ஒருத்தி அடிமைகளை விடுவித்த கையோடு
மீதிப் பக்கத்தில் மருதாணிக் கொடி வரைந்திருக்கிறாள்.
நன்றி நாள் மட்டும் எல்லோருக்கும் ஒன்று போல:
நவம்பர், கடைசி வியாழன், வான்கோழி, பரங்கிக்காய்.
நான் சொன்னதுதான்.
வகுப்பில் நான் இருமிய இடத்தில்
அவர்களும் ஒரு வார்த்தையை விட்டிருக்கிறார்கள்.

வான்கோழியைத் திருப்பத்தூர் சாலைப் பண்ணையில் பார்த்திருக்கிறேன்.
வானத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.
பரங்கிக்காய் பரவாயில்லை.
பெயரில்தான் இன்னும் பரங்கி,
புளிக்குழம்பில் எங்கள் வீட்டுப் பிள்ளை.

நான் அமெரிக்கா போனதில்லை.
இருபத்தாறு வருடமாக
அதன் உள்நாட்டுப் போரை நடத்துகிறேன்.
அந்த நாட்டில் நான் தொட்டது
முகப்பில் தொங்கும் கனெக்டிகட் கடிகாரம் ஒன்றைத்தான்.
ரங்கூன் ஏலத்தில் எடுத்தது.
ஏழு மணிக்கு ஒன்பது அடிக்கும்.

முப்பதாவது தாளில் பெயர் கிடையாது, எண்தான்.
ஆனால் 'ழ'வின் வாலை இப்படி இழுப்பவள்
பூமயில் ஒருத்திதான்.

"தென்மாநிலப் பண்ணையார் வீடுகள் வெள்ளைத் தூண்களால் ஆனவை.
தூண்கள் பருத்தியால் ஆனவை.
பருத்தி யாரால் ஆனது என்பது
பாடநூலில் நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது.
எங்கள் ஊர்த் தூண்களுக்குப் பக்கம் இல்லை.
என் தாத்தாவின் அப்பா பர்மாத் தேக்கு இழுத்தவர்.
ஒரு தூணுக்கு எட்டு மாடு, பதினான்கு ஆள்.
வீடு குடிபோன அன்று
அவர்களுக்கு வெளியே இலை போட்டார்கள்.
இது வினாவுக்குத் தேவையில்லை என்றால்
மதிப்பெண் குறைத்துக்கொள்ளவும்."

நான் சாய்ந்திருந்தது தூணில்.
முதுகை எடுத்தேன்.
பிறகு, வேறெங்கே சாய்வது,
திரும்பச் சாய்ந்தேன்.

விடைக்குறிப்பைப் பார்த்தேன்.
போர்: நான்கு. பிரகடனம்: நான்கு.
பிற: இரண்டு.

அதற்குள் சாத்தப்பண்ணன் கூப்பிட்டுவிட்டார்.
இன்று பிள்ளையார் நோன்பு.
கடலில் திசை தப்பிய எங்கள் ஆட்கள்
நாளுக்கொரு நூலாக வேட்டியில் உருவி
இருபத்தொரு நூலில் கரை சேர்ந்தார்களாம்.
அதற்கான நன்றி இது.
அவர்களும் கப்பலில் பிழைத்தவர்கள்தானே,
அந்த வியாழக்கிழமைக்காரர்கள்.

புது வேட்டியிலிருந்து உருவிய நூலை
விரலில் உருட்டித் திரியாக்கும்போதுதான் உறைத்தது:
அங்கே போர் நடந்த வருடங்களில்
இங்கே பருத்தி விலை ஏறியது.
நாற்பத்திரண்டு பேரில் ஒருவரும் எழுதவில்லை.
நான் சொல்லவில்லை.

நியூஜெர்சியிலிருந்து தம்பி வீடியோவில் வந்தான்.
பின்னால் கிறிஸ்துமஸ் மரம்
மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.
"அத்தை, நெருப்பையா சாப்பிடுறீங்க?
நாக்கு சுடாதா?" என்றாள் அவன் மகள்.

இழைமாவில் சுடர் நின்றது.
ஆவாரம்பூ வாசனை, பொரி, வெல்லம்.
அண்ணன் நீட்ட,
எரிகிறபடியே வாயில் போட்டுக்கொண்டேன்.
சுடும்.
ஒரு நொடிதான், ஆனால் சுடும்.
அவளிடம் சுடாது என்று தலையாட்டினேன்.

கை துடைக்க மறந்து தாளை எடுத்தேன்.
'பக்கம் இல்லை' என்ற இடத்தில் நெய் பட்டு
காகிதம் கண்ணாடியாகிவிட்டது.
பின்பக்க எழுத்துகள்
தலைகீழாக இல்லை, இடம்வலமாகத் தெரிகின்றன.
விளக்கடியில் பிடித்து
எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.
'ந'. 'ன்'. அடுத்தது 'றி' மாதிரி இருக்கிறது.

பிற என்ற கட்டத்தில்
இன்னும் ஒன்றும் போடவில்லை.
கடிகாரம் அடிக்கிறது.
எத்தனை என்று நான் எண்ணுவதில்லை.