கட்டுப்பாட்டுத் தொட்டி

ஐந்து தொட்டி. தொட்டிக்குப் பத்துக் கெண்டைக் குஞ்சு.
மோர்தானா அணையிலிருந்து
காற்றடைத்த பாலிதீன் பையில்
ஆம்பூர் வரைக்கும் என் மடியிலேயே வந்தவை.
குடியாத்தம் தாண்டியும்
பைக்குள்ளிருந்து தொடையை முட்டிக்கொண்டிருந்தன.

ஆராய்ச்சி நிலோபர் மேடம் செய்வது.
நான் எண்ணுகிறவள்.
தொண்ணூற்றாறு மணி நேரம்:
செவுள்மூடி நிமிடத்துக்கு எத்தனை தடவை திறக்கிறது,
எத்தனை வாய் மேலே வந்து காற்றைக் குடிக்கிறது,
எது கிறுக்குப் பிடித்துச் சுற்றுகிறது,
எது ஒருக்களித்தது.

கழிவைக் கொண்டுவருகிறவர் ஏசுபாதம்.
தோல்ஷாப்பில் ட்ரம் ஓட்டுகிறார். என் வீட்டுக்காரர்.
சாப்பாட்டுக் கூடையில், டிபன் பாக்ஸுக்குக் கீழே,
கலர் பாட்டிலில் கலர் மாதிரியே இருக்கும்,
நீலமும் பச்சையுமாக.
எந்த ஷாப் என்று மேடம் கேட்டார்.
"அத மட்டும் எழுதாதீங்கம்மா,
சம்பளம் வர்ற எடம்."
மேடம் எழுதினார்: மாதிரி அ.

அரை சதவீதத்தில் முதல் நாள் முழுக்க
வாய் ஓயவில்லை, எதையோ ஒப்பிப்பதுபோல.
இரண்டு சதவீதத்தில் செவுளின் மேல் சளி ஏறியது.
ஐந்தில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை,
நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள்
பத்தும் வயிற்றைக் காட்டின.
ஒன்றை அறுத்து லென்ஸில் வைத்தார் மேடம்.
பேன் சீப்பை அடுப்பில் காட்டினால்
பற்கள் எப்படி ஒட்டிக்கொள்ளும்,
அப்படி இருந்தது செவுள்.

செத்ததென்று எழுத ஒரு முறை உண்டு.
கண்ணாடிக் கோலால் வாலடியைத் தொட வேண்டும்.
அசையாவிட்டால் ஒரு நிமிடம் விட்டு
இன்னொரு தடவை.
அப்புறம்தான் பேனா.

ஐந்தாவது தொட்டியில் எதுவும் கலப்பதில்லை.
கட்டுப்பாடு என்று அதற்குப் பெயர்.
அந்தப் பெயரில் ஒரு வாரியமே இருக்கிறது.
வெறும் நல்ல தண்ணீர்;
அதில் மீன் பிழைத்துக் காட்டினால்தான்
மற்றதெல்லாம் செத்ததற்குக் கணக்கு.

மூன்றாம் நாள் காலை
ஐந்தாவதில் ஆறு மிதந்தன.

கை தவறிக் கலந்துவிட்டாயா என்றார் மேடம்.
இல்லை.
தண்ணீர் காலேஜ் போரில் பிடித்தது.
முந்நூற்றைம்பது அடி.
மேலே மணலாகக் கிடக்கும் பாலாறு
கீழே ஓடுகிறது என்பார்களே, அந்தத் தண்ணீர்.
நான் குழாயைத் திறந்தேன், அவ்வளவுதான்.

மறுபடி மோர்தானா. மறுபடி மடியில் ஐம்பது.
இந்த முறை கட்டுப்பாட்டுக்குக் கேன் தண்ணீர்,
முப்பத்தைந்து ரூபாய், பில்லோடு.
அளந்து உப்புப் போட்டு, ஒரு ராத்திரி குமிழி விட்டு
ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஆக்கினோம்.
பத்தும் நீந்தின, நான்கு நாளும்.
மேடத்துக்கு வரைபடம் சுத்தமாக விழுந்தது.

முதல் தடவை செத்ததற்கு
எந்த அட்டவணையிலும் கட்டமில்லை.
என் சிவப்பு நோட்டில் மட்டும் இருக்கிறது,
எண்ணில் போடாமல் எழுத்தில்:
ஆறு.

எங்கள் தெருவில் குடிக்க மட்டும்தான் கேன்.
அரிசி களைய, வாய் கொப்பளிக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட
போர்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர்
சட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்குகிறார்.
விரல் இடுக்கில் குரோமப் புண்,
ஆறி ஆறிப் பழையபடி திறப்பது.
வாய் லேசாகத் திறந்திருக்கிறது.
எண்ண வேண்டுமென்று நினைக்கவில்லை.
நிமிடத்துக்குப் பதினெட்டு.
அடுத்ததில் இருபத்துமூன்று.

உள்ளங்காலை விரலால் தொட்டேன்.
அசையவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு
ஒரு நிமிடம் விட்டேன்.

இன்னொரு தடவை.

காலை இழுத்துக்கொண்டு "என்னா" என்றார்.
"ஒண்ணுமில்ல."
"கேன்காரன் வந்தான்னா
முந்தாநேத்து பாக்கியும் குடுத்துடு"
என்று சொல்லிவிட்டு
ஒருக்களித்துக்கொண்டார்.