வலது ஓரம்

மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில்
வாட்ச்மேன் வேலைக்கு விண்ணப்பம்.
ஏழாவது கேள்வி: முன் அனுபவம்.
பதில் எழுத மூன்று விரல் அகலம் இடம்.
'வலது ஓர ஆட்டக்காரன்' என்று எழுதினேன்.
கிளார்க் எட்டிப் பார்த்து
'விளையாட்டுன்னு போடும், போதும்' என்றார்.

சின்னத்துறையில் எங்கள் மைதானத்துக்கு
மூன்று பக்கம்தான் கோடு.
நாலாவது பக்கம் கடல்.
அலை தொட்டால் அவுட்.
ஆடியில் கோடு உள்ளே வரும்,
தையில் வெளியே போகும்,
ஒரே ஆட்டத்தில் இரண்டும் நடந்ததுண்டு.
யாரும் நிற்க விரும்பாத அந்தப் பக்கம்
கடைசியாக வருகிறவனுக்கு.
வள்ளத்தில் மீன் இறக்கிவிட்டு
கையில் சூரை நாற்றத்தோடு
தினமும் கடைசியாக வந்தேன் நான்.

நடுவில் பெனான்சியுஸ்.
அவன் தலை தூக்குவதற்குள்
நான் ஓடத் தொடங்கியிருப்பேன்.
நான் நிற்கிற இடத்துக்குப் பந்து வந்ததே இல்லை,
நிற்கப்போகிற இடத்துக்கு வரும்.
எப்படி என்று கேட்டால்
அவனும் முழிப்பான், நானும்.

பதினேழு வயதில் மலப்புரம் செவன்ஸ்.
கமுகு நட்டுக் கட்டிய காலரி,
ஆட்டத்துக்கு எண்ணூறு ரூபாய்,
கோல் போட்டால் மேலே ஒரு கோழி.
ஜெர்வாசியுஸ் என்று மைக்காரன் வாயில் வராது.
'நம்பர் ஏழு, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்!'
எங்கள் ஊரில் ரயிலே கிடையாது.
கோழியை பஸ்ஸில் கொண்டுவர முடியாமல்
அங்கேயே விற்பேன்.

பிறகு வடக்கே ஒரு கிளப், ஒப்பந்தம்,
பகலைவிட வெளிச்சமான இரவுகள்.
முதல் நாள்
சுண்ணாம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது நகரவில்லை.
பயிற்சி முடிந்து திரும்பிப் பார்த்தேன்,
அங்கேயே கிடந்தது.
அதை நம்ப எனக்கு ஒரு சீசன் ஆயிற்று.
'இவன் ஏன் கோட்டைவிட்டு இரண்டடி தள்ளியே நிற்கிறான்?'
கோச் ஸ்பானிஷில் கேட்டார்,
ஒருவர் அதை இந்தியில் சொன்னார்,
நான் தமிழில் சிரித்துவைத்தேன்.

பெனான்சியுஸும் தேர்வுக்கு வந்திருக்க வேண்டியவன்.
தேர்வு நாளில் அவன்
கரையிலிருந்து அறுநூறு கிலோமீட்டரில்
தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

மொத்தம் அறுபத்தொரு ஆட்டம்.
நாற்பத்து மூன்றில் மாற்று ஆள்.
கூட்டிப் பார்த்திருக்கிறேன்,
ஆஸ்பத்திரியில் வேறு வேலை இல்லை:
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு நிமிடம்.
அதாவது இரண்டு நாளும்
முப்பத்து நான்கு நிமிடமும்.
அண்ணன் லூர்தையன் சுறாவுக்குப் போனால்
ஒரே ஓட்டம் நாற்பது நாள்.
அந்த இரண்டு நாளிலும்
பந்து என் காலில் கிடந்தது
ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம்.
மீதியெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு ஓடியது,
'இங்கே, இங்கே' என்று கத்தியது,
வராத பந்துக்காகத் திரும்பி நடந்தது.

முட்டிக்குள் அறுந்தபோது
யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
பாரம் தாங்காமல் கயிறு அறும் சத்தம்
எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.
ஏழாம் நம்பர் சட்டையை
பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுக்குக் கொடுத்தார்கள்.
டிவியில் பார்த்தேன்.
குறை சொல்ல ஒன்றுமில்லை,
அதுதான் கஷ்டமாக இருந்தது.

'எத்தனை வருஷம்?'
'பன்னிரண்டு.'
'வாட்ச்மேன் வேலைக்கு அதுல என்ன உபயோகம்?'
'ஓரத்தில் நிற்பேன் சார்,
ஒன்றும் வராவிட்டாலும் தூங்க மாட்டேன்.'
அவர் சிரிக்கவில்லை, சீல் குத்தினார்.

சாயங்காலம் பெனான்சியுஸ் கரை வந்திருந்தான்.
மைதானத்தின் வலது ஓரம் இப்போது முழுக்கக் கல்,
அரசாங்கம் கொட்டியது,
அதற்கும் மேலே ஏறி வருகிறது அலை.
பையன்களோடு பத்து நிமிடம் ஆடினோம்.
அவன் தலை தூக்கினான்.
பந்து நான் இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப்
பிசகாமல் போய்
கல்லில் பட்டுக் கடலில் விழுந்தது.

'மக்கா, நீ ஓடல்லியே' என்றான்.

ஒரு பையன் சட்டையைக் கழற்றிவிட்டு
நீந்தப் போனான்.
அவன் திரும்பும்வரை ஆட்டம் நின்றது.