வடக்கு வாசல்

ஈரமானியின் இரண்டு ஊசிகளையும்
சுவரில் அழுத்தினால் ஓர் எண் வரும்.
அவ்வளவுதான் என் வேலை.
காப்பீட்டுக் கம்பெனிக்குக் கதை வேண்டாம்.

உம்சிண்டோவில், கரும்பு இறங்கி இறங்கி
பழைய ரயில்பாதையைத் தொடும் சரிவில்
ஒரு வேதக் கோயில்.
கல் இந்த ஊர்க் கல்.
வரைபடம் மட்டும் கப்பலில் வந்தது.

கட்டி நூற்று நாற்பது வருஷம்;
கட்டும்போதே அதற்கு அறுநூறு வயது.
கூர்வளைவு, தடித்த தூண், தூண்தலையில்
இந்தச் சரிவில் எவரும் பார்த்திராத மரத்தின் இலை.
பீடத்தருகே பாத்திரம் கழுவ ஒரு மாடம்,
ஒருநாளும் நனைந்ததில்லை.
தொழுநோயாளி வெளியே நின்று
அப்பத்தைப் பார்க்கவாம், சுவரில் சாய்வாய் ஒரு துளை.
கண்ணை வைத்தேன்:
பச்சைத் தண்ணீர் டாங்க், ஒரு சைக்கிள்.

கூரை விளிம்பில் யாளி.
அவர்கள் அதற்கு வேறு பேர் வைத்திருப்பார்கள்,
எனக்கு யாளிதான்.
அங்கத்துத் தூறலுக்கு அளந்த தொண்டை.
ஏப்ரலில் நேட்டால் மழை வந்தபோது திணறி
கோயிலுக்குள்ளேயே கக்கிவிட்டது.
அதனால்தான் நான்.

தெற்குச் சுவர். முப்பத்தொன்று. முப்பத்து நாலு.
சிபுசிசோ குறித்துக்கொள்கிறான்.
பெரிய ஜன்னலெல்லாம் இந்தப் பக்கம்.
அந்த நாட்டில் சூரியன் தெற்கே சாயும்.
இங்கே சாயாது.
வரைபடத்திடம் அதை யாரும் சொல்லவில்லை.

ஜன்னலடியில், நல்ல இடம் என்று வாங்கிய இடத்தில்,
கேப்டன் எட்மண்ட் ஃபெல்ஸ்டெட், தோட்ட முதலாளி,
பளிங்கில் மல்லாந்து கிடக்கிறார்.
பக்கத்தில் மனைவி. காலடியில் நாய்.
வாள்கூட வைத்திருக்கிறார்கள்; கரும்பு வெட்டவும் உதவாத வாள்.
"தன் கூலிகளுக்குத் தகப்பன்" என்கிறது பலகை.
அம்மாவின் கன்னத்தில் உப்புப் பூத்து
தோலாய் உரிகிறது.
ஊசியை அவள்மேல் வைக்கத் தயங்கி
நாயின்மேல் வைத்தேன்.
நாற்பது.
பாவம், அது என்ன செய்தது.

"வடக்கே வாங்க" என்றார் கோயில் பொறுப்பாளர்
ரூபி வேதக்கண். சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தார்.
அந்தச் சுவரில் ஒரு வாசல், கல் வைத்து அடைத்தது.
"சாத்தான் வாசல். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது
அது இந்த வழியா ஓடிடுமாம்.
அப்புறம் திரும்பி வராமலிருக்க அடைச்சிடுவாங்களாம்.
இங்கே திறக்கவே இல்லை, கட்டும்போதே அடைச்சுட்டாங்க."
அப்படியானால் அது இன்னும் உள்ளேதான் இருக்கும் என்றேன்.
ரூபி சிரிக்கவில்லை. சிபுசிசோ சிரித்தான்.

வடக்கே நிழல், வடக்கே குளிர்,
வடக்கே யாரும் கேட்காதவர்களைப் புதை.
இதுவும் கப்பலில் வந்த வழக்கம்.
அதனால் அந்தப் பக்கம் நம்மாட்கள்:
யாகப்பன். மரியதங்கம், பிள்ளையோடு.
ஒரு சிமெண்ட் பலகையில் பேரே இல்லை,
கப்பல் இலக்கம் மட்டும், நடு இரண்டு எண்கள் தேய்ந்து.

வெயில்!
காலை ஏழிலிருந்து அங்கேதான் கிடக்கிறதாம்.
பேரில்லாத பலகையின்மேல் வெள்ளைத் துணி,
துணிமேல் உப்பு போட்ட மாங்காய்த் துண்டுகள்,
ஞாயிற்றுக்கிழமை விற்பனைக்கு.
"ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க" என்றார் ரூபி,
என்னிடமா, கீழேயா தெரியவில்லை.

துணியை ஓரமாய் விலக்கி ஊசியை வைத்தேன்.
மானி யோசித்தது. பேட்டரியோ என்று தட்டினேன்.
இரண்டு.

அறிக்கையில் எழுதினேன்:
தெற்கில் சாரம் கட்டவேண்டும், ஈயக் குழாய் மாற்றவேண்டும்,
சிலைகளை நகர்த்துவது நல்லது.
எங்கே என்ற கட்டம் காலியாக இருந்தது.
வடக்கே உலர்ந்த இடம் உண்டு என்று எழுதி
அடித்துவிட்டேன்.
வாசலைத் திறக்க என்ன செலவாகும் என்று மட்டும்
தனித்தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
இருபத்திரண்டு கல். அரை நாள் கூலி.

கை முழுக்க மாங்காய் வாசனை.