சுதுவுக்கு இரண்டு பாஷை

தலவாக்கலை ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து
ஒரு நைந்த கயிற்றோடும்
பாதி கடித்த டெனிஸ் பந்தோடும் வந்து சேர்ந்தது.
விஜேகோன் மாத்தையாவுக்கு மாத்தறைக்கு மாற்றல்,
அங்கே மேல்மாடி வீடு, நாய்க்கு இடமில்லை.
பெயர் சுது என்றார்.
வெள்ளை என்று அர்த்தம்.
நாயோ, ஆறிப்போன பிளேன்டீயின் நிறம்.

முதல் நாள் தவசீலனின் வலது சப்பாத்து.
மறுநாள் அடுத்த காம்பராப் பிள்ளையின் பள்ளிக்கூட டை.
மூன்றாம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"வேணாம்" என்றேன்.
வாலை ஆட்டியது.
"வேணாங்கிறேன்ல!"
இன்னும் வேகமாக ஆட்டியது.
கூரையை எட்டாத லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்
டிலுக்ஷனா சீனிப் போத்தலை டக்கென்று மூடும் சத்தம்.
"உட்காரு!" என்று கத்தினேன்.
அவள் அப்பா உட்கார்ந்தாராம், காலையில் சொல்லிச் சிரித்தார்கள்.
அவர்கள் வீட்டில் ஒழுக்கம் வளர்ந்தது.
என் வீட்டில் தலையணைப் பஞ்சு பறந்தது.

பிறகுதான் உறைத்தது.
"எப்பா" என்றேன், மெதுவாக,
பிரதேச செயலகத்தில் கிளார்க்கிடம் பேசுகிற குரலில்.
வாயில் விளக்குமாற்றோடு அப்படியே நின்றது.
"வாடிவென்ன."
மடக்கிய குடை மாதிரி உட்கார்ந்தது.

எனக்குத் தெரிந்த சிங்களம்
பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஃபோர்ம் நிரப்பவும் போதும்.
அதில் ஒரு கட்டளைகூட நான் இட்டதில்லை.
வாங்கித்தான் பழக்கம்.

நெத்தலியை நகத்தளவு கிள்ளி வைத்துக்கொண்டேன்.
முதலில் எப்பா, ஒட்டினாற்போல் வேணாம்.
ஒரு வாரம் இரண்டும்.
அப்புறம் எப்பாவை உதட்டோடு நிறுத்தினேன்.
மேலே பாய்ந்தால் திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்பேன்,
நாலு காலும் தரையில் படும் வரைக்கும்.
ஓட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்த தவசீலன்
"யாரோட கோபம்?" என்றான்.
சப்பாத்து தப்பியது. டை தப்பியது.
விளக்குமாறு மட்டும் தப்பவில்லை,
அதற்கு அதன்மேல் என்ன பகையோ.

ஒன்று மட்டும் மாறவே இல்லை.
ஏழு மணிக்குப் பிறகு பின்கதவைத் திறந்தால்
நாலு காலையும் சீமெந்தில் ஊன்றிக்கொள்ளும்.
இழுத்தால் படுக்கும்.
விட்டால் கால்துடைக்கும் சாக்கில் மூத்திரம்.
நெத்தலி கொடுக்கவில்லை.
இரண்டு பாஷையிலும் ஏசினேன்.
ஒரு ராத்திரி வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன்,
சோறு கொதிக்கிற நேரம்வரை.
குரைக்கவில்லை.
கதவின் அடிப்பலகையைச் சுரண்டியது,
அதுவும் யாருக்கோ கேட்டுவிடக் கூடாதென்பது போல.
வழிக்கு வருகிறது என்று
நான் அரிசியைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு விடிய, கோவாப் பாத்தியில் தடங்கள்.
நகம் பதியாத, வட்டமான தடங்கள்.
தவசீலன் ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்தான்.
சரியாக இருந்தது.
அவன் கையை எடுக்கவே இல்லை கொஞ்ச நேரம்.
மேல் லயத்தில் கறுப்பியின் சங்கிலி கிடந்ததாம்,
சங்கிலி மட்டும்.
சிறுத்தை பத்து நாளாக இறங்குகிறது என்று
கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.
எனக்கு யாரும் சொல்லவில்லை.
சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது ஒன்று,
சாக்கில்.

இப்போது ஐந்தரைக்கே,
மழையென்றாலும் குடையும் டோர்ச்சுமாய்
பாத்தி ஓரத்தில் போய் நிற்கிறேன்.
அது ஆறுதலாக மோந்து, சுற்றி,
மறுபடியும் மோந்து, காலைத் தூக்கும்.
நான் அவசரப்படுத்துவதில்லை.

நேற்று கதவைச் சாத்திவிட்டு
ஈரக் காதைத் துடைக்கும்போது
"சமாவென்ன" என்றேன்.
கவுண்டர் கவுண்டராக, தப்பே செய்யாமல்
எத்தனையோ தடவை சொல்லிய வார்த்தை.

அதற்கு அந்த வார்த்தை தெரியவில்லை.
தலையைச் சரித்துப் பார்த்தது.
எதற்கும் இருக்கட்டும் என்று
உட்கார்ந்துகொண்டது,
நெத்தலி டப்பாவைப் பார்த்தபடி.