இரண்டு பல் குறைவாக

நாற்பத்திரண்டு அடி. ஏரி வண்டல் எட்டு டிராக்டர்.
பாலக்கோட்டுக்குக் கிழக்கே, திரௌபதியம்மன் மேட்டில்
மல்லாந்து கிடந்தான் துரியோதனன்.
சுண்ணாம்பு முழி, கரி மீசை,
மார்புக்குள் என் மோட்டார்.

காயில் கட்டுகிற கடை எனக்கு.
எரிந்துபோனவைதான் என்னிடம் வரும்.
இந்த வருஷம் விழாக்குழு வந்து கேட்டது:
"மூச்சு விடணும். முடியுமா?"

மினிபஸ்ஸின் வைப்பர் மோட்டார்,
முதலாளிக்குத் தெரியாமல் சென்னப்பன் கழற்றித் தந்தது.
மூங்கில் விலா, தார்ப்பாய், மேலே விரல் கனத்துக்கு மண்.
முதல் ஓட்டத்தில் நெஞ்சு
தையல் மிஷின் மாதிரி அடித்தது.
பல்சக்கரத்தில் இரண்டு பல்லை ராவி எடுத்தேன்.
அதற்குப் பிறகு மேலே ஏறி,
எதையோ யோசித்து,
இறங்கியது.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோபோ என்றார்கள்.
பூசாரி பீடி பற்றவைக்க
தள்ளிப் போனார்.

பதினெட்டாம் போர். உச்சிவெயில்.
விலாவுக்கு அடியில் வெட்டிய குழியில் நான்,
பேட்டரி, சுவிட்ச், ஒரு பாட்டில் மோர்.
வீமன் வேஷத்தில் தீர்த்தகிரி தொடையில் அடித்தார்.
குங்குமத் தண்ணீர்ப் பானை உடைந்தது.
சுவிட்சை அணைத்தேன்.

அணையவில்லை.
உள்ளே தகடு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

மத்தளம் நின்றுவிட்டது. நெஞ்சு ஏறியது.
"எந்தக் கம்பெனி மோட்டாருடா இது?" என்றான் கட்டியங்காரன்.
யாரும் சிரிக்கவில்லை.
தீர்த்தகிரி இன்னொரு அடி வைத்தார்,
கதையில் இல்லாத அடி.
ஏறியது. தங்கியது. இறங்கியது.
பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்:
"விட்டுடுங்கய்யா, உசுரு இருக்குது."

விரித்த சவுரியோடு திரௌபதி, நம்ம மாதேஷ்,
அழுவதுபோல் குனிந்து
குழிக்குள் கிசுகிசுத்தான்:
"அக்கா, நிறுத்து. நான் கொண்டை முடியணும்."

கையில் கட்டிங் பிளேயர், அதன் வாயில் சிவப்பு வயர்.
ஒரே நறுக்குதான்.
ஏனோ எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு. அஞ்சு.
ஆறாவதை அவன்
மேலே கொண்டுபோய் வைத்திருந்தபோது
வெட்டினேன்.

இறங்கவில்லை.
விட வேண்டியதை விடாமல்
அப்படியே நின்றது நெஞ்சு.
மாலையில் பிடிமண் அள்ள வந்தவர்கள்
காலில் எடுத்தார்கள், கையில் எடுத்தார்கள்,
மார்பைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வியாழக்கிழமை மோட்டாரைத் திருப்பி மாட்டினேன்.
அன்றைக்கே கோடைமழை.
மாரண்டஅள்ளி ரோட்டிலிருந்து சென்னப்பன் போன்:
"என்னம்மா பண்ணித் தொலைச்ச?
வைப்பரு மேல போயி
கொஞ்ச நேரம் நின்னு பாக்குது.
அப்புறந்தான் எறங்குது."

புதுப் பல்சக்கரம் வாங்கிவிட்டேன்.
இன்னும் மாட்டவில்லை.